கூடத்துக்குள் வந்த ஆட்டோமேட்டிக் கார்

ராத்திரி ஏழரை இருக்கும். தெருமுனையில் யாரோ ஆட்டுக்கல்லில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அமலோற்பவம் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு சிலுவை போட்டாள். சத்தம் நேராக அவள் வாசலுக்கே வந்து நின்றது. அதற்குள்ளிருந்து அவள் புருஷன் ஸ்தனிஸ்லாஸும் கொழுந்தன் இஞ்ஞாசியும் இறங்கினார்கள்.

விடிந்தால் ஏழு மணிக்குப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். கோயில் எட்டு மைல். தவறினால் ஃபாதர் இனி மூன்று மாசம் கழித்துத்தான் வருவார். அதற்காகவே வாங்கிய பழைய ஆட்டோமேட்டிக் கார் அது.

"அறுபதுல போனா குளிர்காய்ச்சல் வந்த மாதிரி உதறுது, அமலி," என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

மெக்கானிக் பீர் முகமதுக்குப் போன் போட்டார்கள். அவர் சொல்லச் சொல்ல, அமலோற்பவம் நோட்டில் மார்ஜின் போட்டு எழுதிக்கொண்டாள். கான்வென்ட் படிப்பு.

"வண்டியச் சமதரையில நிறுத்துங்க. இன்ஜின் ஓடட்டும். பிரேக்க மிதிச்சுக்கிட்டு கியர் கம்பிய எல்லா எழுத்துலயும் கொஞ்சம் நிறுத்தி, திரும்பப் 'பி'க்குக் கொண்டாங்க. பொறவு கியர் ஆயில் அளவு பாக்குத கம்பிய உருவி, சுத்தமான வெள்ளைத் துணியில தொடச்சுப் பாருங்க. கருகல் வாடை அடிச்சா ஆயில் போச்சு. செவப்பா இருந்தா ஆயில் நல்லாருக்கு, கோளாறு இன்ஜினையும் கியரையும் சேக்குத டார்க் கன்வெர்ட்டர்ல. காலைல வந்து பாக்கேன். பாத்து முடிச்சதும் இன்ஜின அணைச்சிருங்க, நான் வார வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணிராதீங்க."

இஞ்ஞாசி சமதரை தேடிக் கோலிக்குண்டோடு புறப்பட்டான். முற்றத்தில் வைத்தான், உருண்டது. தெருவில் வைத்தான், சாக்கடைக்குள் போயிற்று. வீட்டுக் கூடத்தில் இன்னொன்றை வைத்தான், அசையவில்லை.

அந்த வீடு ஒரு காலத்தில் உப்புக் கிடங்கு. லாரி நுழைகிற கதவு. கட்டில், பீரோ, தொட்டில் எல்லாம் தெருவுக்குப் போயின. கார் கூடத்துக்கு வந்தது.

"ஒவ்வொரு எழுத்துலயும் எவ்வளவு நேரம்ல நிக்கணும்?"

"ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுத நேரம்ணே."

"அப்போ முழங்கால் போடணுமே!"

"பிரேக்க யாரு மிதிப்பா?"

வெகுநேரம் யோசித்து, ஸ்தனிஸ்லாஸுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். மற்ற இருவரும் 'ஆர்', 'என்', 'டி' என்று எழுத்துக்கு எழுத்து முழங்காலிட்டு எழுந்தார்கள்.

அடுத்தது வெள்ளைத் துணி. வேட்டியில் சொட்டு நீலம். துவாலையில் மஞ்சள் கறை. நோட்டில் 'சுத்தமான' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள் அமலோற்பவம். ஆகவே அவளே பெட்டியைத் திறந்து, பிள்ளையின் ஞானஸ்நான அங்கியை எடுத்து நீட்டினாள்.

"செவப்பு மதனி! நல்ல செவப்பு! கருகல் வாடையே இல்ல!"

"அப்போ டார்க் கன்வெர்ட்டர்தான் போச்சு!" என்று மூவரும் மகிழ்ந்து, இன்ஜினை அணைத்துவிட்டு, காரைச் சுற்றிப் பாய் விரித்துத் தூங்கினார்கள்.

காலையில் மணி ஆறரை ஆயிற்று. பீர் முகமதைக் காணோம். அமலோற்பவம் நோட்டைப் புரட்டினாள்.

"ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னுதான் சொல்லிருக்காவ. ஏறக் கூடாதுன்னு சொல்லல. ஏறுங்க."

ஆயில் துடைத்ததில் சிவப்புக் கோடு விழுந்த அங்கியோடு பிள்ளை, மடியில் மெழுகுவர்த்தியோடு இஞ்ஞாசி, ஸ்டியரிங்கில் ஸ்தனிஸ்லாஸ். எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள்.

"உதறலே இல்ல பாத்தியா!"

"சத்தமும் இல்லண்ணே."

"இதே வேகத்துல போங்க," என்றாள் அமலோற்பவம், பிள்ளையின் தலையைத் தாங்கிக்கொண்டு. "வளைவுல மட்டும் பாத்து."

கொஞ்ச நேரம் அப்படியே போனார்கள். திடீரென்று அவள் நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ, வீட்டத் தெறந்து போட்டுட்டு வந்துட்டோமே!"

"திருப்பவா?"

"வேண்டாம், பக்கத்துலதான். நிறுத்துங்க, ஓடிப் போய்ட்டு வந்துருதேன்."

ஸ்தனிஸ்லாஸ் பிரேக்கை மிதித்தான். அவள் இறங்கி ஓடிக் கூடத்துக் கதவைச் சாத்தினாள். அந்நேரம் வெளியே தெருவில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே புகுந்து வந்த பீர் முகமதின் குரல் கேட்டது: "வீட்ல யாரும் இல்லையா?"

"இல்ல அண்ணாச்சி, எல்லாரும் கோயிலுக்குப் பொறப்பட்டுப் பாதி வழி போயாச்சு!" என்று அமலோற்பவம் பதில் சொல்லிவிட்டு, உள்பக்கமாகத் தாழ்ப்பாளை இறுக்கிப் போட்டாள்.