எழுபது வளைவும் ஒரு கார் டயரும்

நாமக்கல்லில், சேலம் ரோட்டில் டயர் கடை வைத்திருந்தார் தமயந்தி. வயது முப்பத்தெட்டு. பெரிய பைக் ஒன்றில் தனியாளாக நாட்டை நாலு தடவை சுற்றி வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில், நெடுந்தூரம் பைக் ஓட்டுவது எப்படி என்று கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். வருகிறவர்களில் பாதிப்பேர் தலை நரைத்தவர்கள். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வருவார்கள்.

அவர்களில் மூத்தவர் குழந்தைவேலு. ஐம்பத்தொன்பது வயது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். முப்பது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்தவர், இப்போது டயர் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு தமயந்தியை "டீச்சர்" என்று கூப்பிடுவதை ஊரே வேடிக்கை பார்த்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எதைப் பிடித்தாலும் உடும்புப்பிடி அவருக்கு.

ஒரு ஞாயிறு காலையில் பைக்கின் பின்சீட்டில் ஒரு கார் டயரைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"இதை மாட்டிக் குடுங்க டீச்சர்."

"கார் டயருங்களே சார்."

"தெரியும். என் பின்சக்கரத்துக்கு அளவு பார்த்துத்தான் வாங்கினேன்."

டீச்சர் டயரைத் தட்டிப் பார்த்தார்.

போன வருஷம் குழந்தைவேலு மனைவி வசந்தமணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நாட்டின் நாலு மூலையையும் காட்டக் கிளம்பினார். மூன்று மூலை முடிந்தது. நாலாவது மூலை, பனி விழுகிற காஷ்மீர். வசந்தமணி சின்ன வயதிலிருந்து கையில் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டது அந்தப் பனியைத்தான். அங்கே போய்ச் சேர இரண்டு நாள் இருக்கும்போது பின் டயர் மொட்டையாகி நூல் தெரிந்துவிட்டது. அந்த அளவு டயர் வழியில் நின்ற ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. ஆறு நாள் காத்திருந்து பார்த்தார்கள். கடைசியில் வண்டி லாரியிலும் அவர்கள் ரயிலிலும் ஊர் வந்து சேர்ந்தார்கள். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி வந்த வசந்தமணி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"அடுத்த தடவையும் பாதியில திரும்பறதா இருந்தா, என்னைக் கூப்பிடாதீங்க."

அதற்குப் பிறகு குழந்தைவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை.

"பைக் டயர் பத்தாயிரம் கிலோமீட்டர்ல போயிடுது டீச்சர். இது முப்பதாயிரம் தாங்கும். நாலு மூலையும் போயிட்டு வந்தாலும் பாதி மிச்சம் இருக்கும்."

"டயர் செய்யறவங்களே இதைப் பைக்குல போடாதேன்னுதான் சொல்றாங்க."

"படிச்சேன்."

"வளைவுல வண்டி லேசுல சாயாது. நிமிரத்தான் பார்க்கும்."

"பழகிக்கறேன்."

"வேண்டாமுங்க சார்."

குழந்தைவேலு கடை வாசலைக் கை காட்டினார். அங்கே டீச்சரின் பைக் நின்றிருந்தது. அதன் பின்சக்கரத்திலும் தட்டையான, அகலமான கார் டயர்தான்.

"நீங்க ஓட்டறீங்க. எனக்கு மட்டும் ஏன் வேண்டாங்கறீங்க?"

பிள்ளைகள் எதிர்க்கேள்வி கேட்டால் பிரம்பை எடுத்தவர் அவர். இன்றைக்கு அவரே கேட்டுவிட்டார். கேட்டபின் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

டீச்சர் ஸ்பேனரை எடுத்தார். சக்கரத்தைக் கழற்றினார். புது டயரின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடித்தார். லேசில் உட்காரவில்லை. மூன்று தடவை காற்றை இறக்கி, மறுபடி தடவி, மறுபடி அடித்தார். நாலாவது தடவை 'டப்' என்று சத்தம் வந்து விளிம்பு ரிம்மில் உட்கார்ந்தது. சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்னால் போனார்கள்.

"கொல்லிமலைக்குப் போலாமுங்க," என்றார் டீச்சர்.

கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. அடிவாரம் வரை சாலை நேராக இருந்தது. வண்டி ரயில் மாதிரி ஓடியது. குழந்தைவேலுவுக்குத் தலைகால் புரியவில்லை. இதற்குப் போய் இவ்வளவு பயமுறுத்தினார்களே என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது வளைவில் வண்டி சாய மறுத்து நிமிர்ந்தது. நேராக எதிர்ப்பக்கம் போனது. மேலேயிருந்து இறங்கிய ஜீப்காரன் பிரேக் போட்டு, ஜன்னல் வழியாக அவருடைய முன்னோர்களை எல்லாம் விசாரித்தான். குழந்தைவேலு வண்டியை ஓரங்கட்டினார்.

பின்னாலேயே வந்த டீச்சர் நிறுத்தினார்.

"கழட்டிடலாமா சார்?"

"இல்ல. எப்படிப் பிடிக்கறதுன்னு சொல்லுங்க."

"வளையற பக்கத்துக் கைப்பிடியை அழுத்திப் பிடிங்க. வளைவு முடியற வரைக்கும் விடக்கூடாது. விட்டா நிமிர்ந்துக்கும்."

அன்றைக்குப் பதினோரு வளைவு. அடுத்த ஞாயிறு நாற்பது. உள்ளங்கையில் கொப்புளம் கட்டி உடைந்தது. வசந்தமணி மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, என்னவென்று கேட்டார். தோட்ட வேலை என்று வாய் கூசாமல் சொன்னார் குழந்தைவேலு. பனியைத் தொட்டபிறகு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். மூன்றாவது ஞாயிறு எழுபதும் ஏறினார். அதில் நாலு வளைவில் வண்டி நடுக்கோட்டைத் தாண்டியிருந்தது. நாலாவது ஞாயிறு கைகளில் துணி சுற்றிக்கொண்டு வந்தார்.

"இன்னைக்கு நான் பின்னால உக்கார்றேன்," என்றார் டீச்சர்.

குழந்தைவேலு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். சாலையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி நிமிரப் பார்த்தது. ஒவ்வொரு வளைவிலும் அழுத்திப் பிடித்தார். அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது. எழுபது. மேலே வந்து வண்டியை நிறுத்தியபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பத்தாவது வகுப்பில் பள்ளிக்கூடமே தேறிய வருஷத்தில்கூட அவர் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

"ஒரு வளைவுலகூடக் கோட்டைத் தாண்டல டீச்சர்! பார்த்தீங்களா?"

"பார்த்தேனுங்க. அருமையா ஓட்டினீங்க. குறை சொல்ல ஒண்ணுமில்ல."

"அப்ப கிளம்பலாமா? அடுத்த வாரமே?"

டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"முப்பதாவது வளைவுல நான் என்ன சொன்னேன் சார்?"

குழந்தைவேலு விழித்தார். "ஏதாவது சொன்னீங்களா?"

"கீழ மேகம் இறங்குது, பாருங்கன்னேன். நாப்பத்தஞ்சுல ஒரு அம்மா பலாச்சுளை வித்துக்கிட்டு இருந்தாங்க. வாங்கலாமான்னு கேட்டேன். அறுபதுல கால் மரத்துப் போச்சு, கொஞ்சம் நிறுத்துங்கன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்."

குழந்தைவேலு பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

போன வருஷத்து ஒன்பதாயிரம் கிலோமீட்டரும் வசந்தமணி பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தார். கல்யாணத்துக்கு முன் தறிக்கூடத்தில் வேலை பார்த்தது, அங்கே ஒரு சிநேகிதி இருந்தது, முதல் பிள்ளை நிற்காமல் போனபோது யாருக்கும் தெரியாமல் குளியலறையில் அழுதது. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் ஹெட்மாஸ்டருக்குத் தெரியாத விஷயங்கள். ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்தப் பாதை முடியவே கூடாது என்றும் இருந்தது. இன்றைக்கு டீச்சர் பின்னாலிருந்து சொன்னது ஒன்றுகூட அவர் காதில் விழவில்லை.

ஆனாலும் விட மனசில்லை. பிடித்த பிடி அப்படி.

"பழகப் பழகச் சரியாயிடும்ல டீச்சர்? நீங்க இதே டயர்ல நாலு தடவை சுத்தி வந்தவங்க. பின்னால பேசறது உங்களுக்குக் கேக்கத்தானே செய்யும்?"

டீச்சர் கீழே தெரிந்த வளைவுகளைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க சார்," என்றார். "என் பின்சீட்டுல இதுவரைக்கும் யாரும் உக்காந்ததில்ல."