தனியாக இருந்ததற்குச் சாட்சி

ஒத்தப்பனையூரில் மாடக்கண்ணு தனியாக நடந்து போனதை யாரும் பார்த்ததில்லை. டீ குடிக்கப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும் வலப்பக்கம் தளவாய், இடப்பக்கம் சப்பாணி. ஆள்தான் மூன்று. யோசனை மொத்தமாக ஒன்றுதான் வரும். அதுவும் மதியத்துக்கு மேல்தான் வரும்.

மாடக்கண்ணுவுக்குப் பூங்கோதையைக் கட்டிக்கொள்ள ஆசை. பூங்கோதைக்கும் அவன்மேல் விருப்பம். காரணம் கேட்டால் சிரிப்பாள். அவளுடைய அப்பா ஆவுடையப்பனுக்குத்தான் கவலை. பெண் கேட்க வந்த அன்றைக்கே மூன்று பேரும் ஒரே மாதிரி சட்டை போட்டு வரிசையாக உட்கார்ந்ததில், மாப்பிள்ளை யார் என்று அவருக்குப் பிடிபடவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

"மாப்ளே, நாளைக்கு மறுவீட்டு விருந்துக்கும் மூணு இலை போடச் சொல்லுவீரு போல," என்றார். "கொக்கருவிப் பூங்காவுல ஒத்தையில கூடாரம் அடிச்சு ரெண்டு நாள் இரும். மேல அருவி வரைக்கும் நடந்துபோய்க் குளிச்சிட்டு வாரும். கூட ஒரு ஆளு இருக்கப்படாது. அப்படி இருந்துட்டு வந்தா பொண்ணு உமக்கு. இல்லன்னா நான் வேற இடம் பாக்கேன்."

மாடக்கண்ணு உடனே சம்மதித்தான். மூட்டை கட்டும்போதுதான் சப்பாணிக்குச் சந்தேகம் வந்தது.

"நீ தனியாத்தான் இருந்தேன்னு யாருல சாட்சி சொல்லுவா?"

மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். யோசிக்க யோசிக்க விஷயம் பயங்கரமாக இருந்தது. தனியாக இருப்பவனைப் பார்க்க ஆள் கிடையாது. பார்க்க ஆள் இல்லாவிட்டால் அவன் தனியாக இருந்தானா, கூட்டத்தோடு கும்மாளம் போட்டானா என்று யார் கண்டது? இந்தக் கேள்விக்கு எனக்கும் இன்றுவரை பதில் தெரியாது. கடைசியில் தளவாயும் சப்பாணியும் சாட்சிக்குக் கூடவே போவதென்று முடிவாயிற்று.

பூங்கா வாசலில் வனக்காவலர் இரண்டு விஷயம் சொன்னார். பாதையை விட்டு இறங்கக் கூடாது. குரங்குக்குத் தீனி கொடுக்கக் கூடாது. மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பதால் கூடாரத்தைப் பாதையின் நடுவே அடித்தார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. மேலே போகிறவர்கள் வேறு வழியில்லாமல் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முன்பக்கம் குனிந்து நுழைந்து பின்பக்கமாக வெளியேறினார்கள். ஒரு குடும்பம் உள்ளே நிழல் நன்றாக இருக்கிறதென்று உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனது. மாடக்கண்ணு நடுவில் சம்மணமிட்டு, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் தனியாக இருந்தான். வெளியே தளவாய் நோட்டில் எழுதினான்: "காலை பதினோரு மணி. நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். ஒருவரும் தங்கவில்லை. மாடக்கண்ணு தனியாக இருக்கிறான்."

மதியம் குரங்குகள் வந்து புளியோதரைத் தூக்கைத் திறந்தன. சப்பாணி குச்சியை எடுத்தான். தளவாய் தடுத்துவிட்டான். நாம் கொடுக்கவில்லை, அது எடுக்கிறது. எடுக்கக் கூடாதென்றால் அதைக் காவலர் குரங்கிடம்தான் சொல்லியிருக்க வேண்டும் என்றான். தவறிப்போய்க் கொடுத்ததாக ஆகிவிடக் கூடாதே என்று மூவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். குரங்குகள் ஊறுகாயை மட்டும் மிச்சம் வைத்தன. அதற்குப் பிறகு அதுதான் சாப்பாடு.

மறுநாள் அருவிக்கு நடந்தார்கள். மாடக்கண்ணு முன்னால், சாட்சிகள் பத்தடி பின்னால். பேசினால் துணைக்கு வந்தது போல் ஆகிவிடும் என்பதால் அவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று ஏற்பாடு. அருவிக்குக் கீழே பாசி வழுக்கி மாடக்கண்ணு தடாகத்தில் விழுந்தான். கரையோர வேர் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

சாட்சிகள் பாறைமேல் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"கையைக் குடுத்துத் தூக்கலாமால?" என்றான் சப்பாணி.

"தூக்குனா துணைக்கு ஆள் இருந்ததாத்தான அர்த்தம்?" என்றான் தளவாய். "நோட்டுல என்னன்னு எழுத?"

"செத்துட்டாம்னா?"

தளவாய் நிதானமாக யோசித்தான். "தனியாச் செத்தாம்னு எழுதலாம். பொண்ணு உறுதி."

தண்ணீரில் கிடந்தவனுக்கு இது கேட்டது. நியாயமாகவும் பட்டது. "தூக்கிறாதீங்கல," என்றான், அவர்களிடம் சொல்லாதது போல அருவியைப் பார்த்தபடி. "இன்னைக்கு ஒரு நாள்தான."

ஒன்றரை மணி நேரம் அப்படியே போனது. அந்தப் பக்கமாக வந்த வனக்காவலர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "எந்திரிச்சு நில்லுய்யா, முழங்கால் தண்ணி," என்றார். மாடக்கண்ணு எழுந்து நின்றான். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது. தளவாய் எழுதினான்: "காவலர் பேசினார். மாடக்கண்ணு பதில் சொல்லவில்லை."

ஊர் திரும்பியதும் ஆவுடையப்பன் நோட்டை வரி விடாமல் படித்தார். தாடையைத் தடவினார்.

"இந்த ரெண்டு நாள்ல நீங்க ரெண்டு பேரும் இவரை விட்டு எங்கயாவது போனீங்களா?"

"ஒரு நிமிஷம்கூடப் போகல மாமா," என்றான் தளவாய். "பக்கத்துலயேதான் இருந்தோம்."

"அப்ப சாட்சி பலமாத்தான் இருக்கு," என்றார் ஆவுடையப்பன். அவரும் ஒத்தப்பனையூர்க்காரர்தான்.

கல்யாணம் நடந்தது. மறுவாரம் பூங்கோதை, தானும் அவனும் மட்டும் அந்த அருவிக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வர வேண்டும் என்றாள். ஊரே சந்தோஷமாக ஒப்புக்கொண்டது. ஆனால் ஜோடியாகத் தனியாக இருப்பதற்கு இரண்டு சாட்சி எப்படிப் போதும்? பெண் வீட்டில் இருபத்தைந்து, மாப்பிள்ளை வீட்டில் இருபத்தைந்து என்று ஐம்பது பேர் பஸ்ஸில் ஏறினார்கள். முன் சீட்டில் ஆவுடையப்பன் புது நோட்டோடு உட்கார்ந்தார். பார்த்தால், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இடமில்லை. சாட்சியை இறக்கிவிட முடியாதல்லவா? அவர்கள் இருவரும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து பஸ் திரும்பி வந்தது. ஆவுடையப்பனின் நோட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதன் கீழே ஐம்பது பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"இரண்டு பேரும் ரொம்பத் தனியாக இருந்தார்கள். எங்கள் கண்ணுக்கே தென்படவில்லை."