முதல் முகம் யாருடையது?

முசிறியில் ஒரு கல்யாண வீடியோக் கடை. அங்கே எடிட்டிங் செய்கிறவள் தவமணி. அரிசி ஆலை அதிபர் சிங்காரவேலு, மகன் கல்யாணம் முடிந்த மறுநாளே வந்தார். படம் தர மூன்று வாரம் ஆகும் என்று அவள் சொன்னதும் மேசையைத் தட்டினார்.

“கல்யாணமே மூணு மணி நேரந்தான். அதை வெட்டி ஒட்ட மூணு வாரமா? நாளைக்கு வேணும். இல்லேன்னா இந்த ஊர்ல நீ வேலை பார்க்க முடியாது.”

சொன்னால் செய்கிற ஆள். தவமணி சிரித்தாள்.

“நாளைக்கே தர்றேன் ஐயா. யார் முகம் முதல்ல வரணும், அடுத்து யாருன்னு மட்டும் எழுதிக் கொடுங்க.”

“இவ்வளவுதானா?” என்று பேனாவை எடுத்தார். சம்பந்தியை எழுதினார், தாய்மாமன் முறுக்கிக்கொள்வாரே என்று அடித்தார். தாய்மாமனை எழுதினார், ஒன்றியச் செயலாளர் ஞாபகம் வந்தது. தாளோடு வீட்டுக்குப் போனார். அங்கே பெரும் சண்டை மூண்டது.

மூன்று வாரம் கழித்துக் கசங்கிய தாளோடு திரும்பினார். “முடியலை தாயி. நீயே காப்பாத்து.”

இதற்குள் முடித்து வைத்திருந்த படத்தைத் தவமணி ஓடவிட்டாள். முதல் காட்சியில், அடுப்புப் புகையில் கண்ணைத் துடைத்தபடி சாம்பார் கிளறும் பெண்கள்.

“மண்டபத்துக்கு முதல்ல வந்தவங்க இவங்கதான் ஐயா. இவங்க ஆக்கினதைச் சாப்பிடாதவங்க யாராவது இருந்தா சண்டைக்கு வரட்டும்.”

அதிகாரிகளுக்கு மட்டுமே கும்பிடு போட்டுப் பழகிய சிங்காரவேலுவின் கை, திரையை நோக்கித் தானாகக் குவிந்தது. சாப்பிட்ட சோற்றுக்கு நன்றி சொல்ல அவருக்கும் மூன்று வாரம் ஆனது.