லிஃப்டில் ஏறாத பெண்

“முந்நூத்திப் பன்னிரண்டு கதை படிச்சிட்டேன், டீச்சர். ஒண்ணுகூட முடிய மாட்டேங்குது.”

சொன்னவர் சகாயராஜ். வயது அறுபத்து மூன்று. முப்பது வருஷத்துக்கு மேல் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்தவர். ஒரு நட்டு தளர்ந்தால்கூட ஏன் என்று கண்டுபிடிக்காமல் தூங்க மாட்டார்.

ரஹ்மத் டீச்சருக்கு வயது நாற்பத்தொன்று. எந்தப் பள்ளியிலும் அவர் பாடம் நடத்தியதில்லை. தூத்துக்குடியில் நூலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மெஷின் ஓடும்போதெல்லாம் நின்றுகொண்டே படிப்பார். எந்தத் தேசத்துக் கதையைப் பற்றிக் கேட்டாலும் ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஆட்கள் வந்தார்கள். ‘டீச்சர்’ என்ற பெயரும் அப்படி வந்ததுதான்.

“எந்தக் கதை முடியலை, அண்ணாச்சி?”

“எல்லாந்தான். நைஜீரியாக்காரன் ஜெனரேட்டர் வாங்குதான். தெருவே கூடி வேடிக்கை பாக்குது. கரண்ட் வந்துருது. கதை முடிஞ்சு போச்சு. அர்ஜென்டினாவுல அக்கா தங்கச்சி ரெண்டு பேரு குதிரையை விக்காங்க. குதிரை திரும்பிப் பாக்குது. அவ்வளவுதான். கொரியாவுல ஒரு பொம்பளை லிஃப்டுக்கு நிக்கா. லிஃப்ட் வருது. அவ ஏறலை. ஏன் ஏறலைன்னு சொன்னா அவனுக்கு என்ன குறைஞ்சு போகுது?”

“எழுதுனது பொம்பளை, அண்ணாச்சி.”

“அவளுக்குத்தான் என்ன குறைஞ்சு போகுது?”

ரஹ்மத் ஒரு கட்டுத் தாளை எடுத்துத் தட்டிச் சீராக்கினார்.

“உலகம் பூரா சுத்துனவன் நான்,” என்றார் சகாயராஜ். “கொரியாவுலயே பூசான் துறைமுகத்துல ரெண்டு தடவை இறங்கியிருக்கேன். எனக்கே புரியலைன்னா யாருக்குப் புரியும்?”

“கதையே படிக்காத யாராவது உங்களுக்குத் தெரியுமா?”

“என் வீட்டுக்காரி. பைபிள் படிப்பா. ஈபி பில் படிப்பா. வேற ஒண்ணும் தொட மாட்டா.”

“அந்தக் கொரியக் கதையை அவங்ககிட்டச் சொல்லுங்க. அவங்க என்ன கேட்டாலும் பதில் சொல்லுங்க.”

“சொல்ல முடியலைன்னா?”

“புத்தகத்தை நூலகத்துல திருப்பிக் குடுத்துருங்க. இனிமே எடுக்காதீங்க.”

சகாயராஜுக்குச் சுருக்கென்றது. வேலையை விட்டுக் கரைக்கு வந்து நாலு வருஷம். சொந்த வீட்டிலேயே எங்கே உட்காருவது என்று தெரியாமல் திரிந்தவரைப் பிடித்து உட்கார வைத்ததே அந்தப் புத்தகங்கள்தான்.

அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். ரஹ்மத் அதற்குள் மெஷினை ஓட விட்டுவிட்டார்.

*

ஜெசிந்தா தரையில் செய்தித்தாளை விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஒரு கதை சொல்லுதேன். கேக்கியா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதில்லை.

“சொல்லுங்க.”

“கொரியாவுல ஒரு பொம்பளை. அடுக்குமாடி வீடு. கீழ நின்னு லிஃப்டுக்குப் பட்டனை அமுக்குதா. லிஃப்ட் வருது. கதவு திறக்குது. அவ ஏறலை. கதவு மூடுது. அவ வெளியே நடந்து போறா.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

ஜெசிந்தா ஒரு காம்பை உருவினாள். இன்னொன்றையும் உருவினாள்.

“லிஃப்ட் காலியா வந்துச்சா, ஆள் இருந்தாங்களா?”

அது அவருக்கு ஞாபகம் இல்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“காலியாத்தான் வந்துச்சு.”

“கையில என்ன வச்சிருந்தா?”

மறுபடியும் உள்ளே போனார். முதல் வரியிலேயே இருந்தது. துணியில் சுற்றிய பாத்திரம். அடி இன்னும் சுடுவதால் கை மாற்றிக் கை மாற்றிப் பிடிக்கிறாள். இதை எப்படி விட்டோம் என்று இருந்தது அவருக்கு. இந்தத் தடவை புத்தகத்தைக் கையோடு எடுத்து வந்தார்.

“சோறு கொண்டு வந்திருக்கா, ஜெசி. சூடாறலை.”

“அப்போ பக்கத்துலதான் எங்கேயோ ஆக்கியிருக்கா. அது அவ வீடு இல்லை.”

சகாயராஜ் அவளைப் பார்த்தார். பிறகு பக்கத்தைப் பார்த்தார்.

“ஆமா. அவ வீடு தெருக்கோடியில இருக்கு. இங்க போட்டிருக்கு.”

“மேல யாரு?”

விரல் வைத்துத் தேடினார். கண்ணாடி மூக்கில் வழுக்கியது. இன்ஜின் ரூமில் இதுவரை கேட்காத ஒரு சத்தம் கேட்டால் முன்பெல்லாம் நெஞ்சு இப்படித்தான் அடித்துக்கொள்ளும். நாலு பக்கக் கதை. தெரிந்த கதை என்று நினைத்திருந்தார். ஒவ்வொரு வரியிலும் யாரோ புதிதாக வந்து நின்றார்கள்.

“அவ மகன். வெளிநாட்டுல இருக்கவன். பதினொண்ணாம் மாடியில சிநேகிதன் வீட்டுல வந்து தங்கியிருக்கான். அவளுக்கு வேற யாரோ சொல்லித்தான் தெரியும்.”

“எத்தனை நாளைக்கு வந்திருக்கான்?”

“இரு. இரு.” பக்கத்தைத் திருப்பினார். “இங்க இருக்கு. ‘அவன் இன்னும் ஆறு நாள் இருப்பான்.’”

ஜெசிந்தாவின் கை கீரையில் நின்றது.

“அப்போ ஏற மாட்டா,” என்றாள்.

“ஏன்?”

ஆய்ந்த கீரையைக் கையால் ஒதுக்கினாள். ஒதுக்கினதையே மறுபடியும் ஒதுக்கினாள்.

“சொல்லு ஜெசி. ஏன்?”

“கொச்சிக்கு உங்க கப்பல் வந்துச்சுல்லா. நம்ம ஷீபாவுக்கு அப்ப மூணு வயசு.”

“ஆமா. ரெண்டே நாள் நின்னுச்சு. உன்னை வரச் சொல்லியிருந்தேன். காய்ச்சல்னு தந்தி அடிச்சே.”

“காய்ச்சல் இல்லை.”

சகாயராஜ் புத்தகத்தை மூடவில்லை. விரல் அந்த வரியிலேயே இருந்தது.

“வந்தேன்,” என்றாள் ஜெசிந்தா. “பஸ் மாறி, ரயில் மாறி, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்தேன். புளிச்சாதமும் நெத்திலி வறுத்ததும் கட்டிக் கொண்டாந்தேன். துறைமுகத்துக் கேட் வரைக்கும் வந்துட்டேன்.”

“அப்புறம்?”

“உங்களைப் பாத்துப் பதினாலு மாசம். அழுது அழுது அப்பதான் கொஞ்சம் பழகியிருந்தேன். பாத்துட்டா, ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பவும் முதல்லேருந்து பழகணும்லா. அதை நினைச்சேன். கால் நகரலை.”

வெளியே ஒரு ஆட்டோ போனது.

“கப்பல் ஏணிகிட்ட வெள்ளைச் சட்டை போட்டு ஒருத்தர் நின்னாரு. தூரத்துலேருந்து நீங்களான்னு தெரியலை.”

“நான்தான்,” என்றார் சகாயராஜ்.

அன்றைக்கு அவர் சவரம் செய்துகொண்டு காலை ஏழு மணியிலிருந்து அங்கே நின்றிருந்தார். மத்தியானம் தந்தி வந்த பிறகுதான் சட்டையைக் கழற்றினார். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தார்.

“சோத்தை என்ன பண்ணுனே?”

“ஸ்டேஷன்ல உங்களுக்குத் தந்தி அடிச்சிட்டு, ரயில்ல நானும் பிள்ளையும் சாப்பிட்டோம். அவ இன்னும் நெத்திலி கேட்டா.”

சகாயராஜ் மெல்ல அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். முட்டி வலித்தது.

“அடுத்த துறைமுகத்துலேருந்து உனக்குக் காய்ச்சல் மாத்திரை வாங்கி அனுப்பினேன்.”

“ரெண்டு அட்டை. வந்துச்சு.”

“என்ன பண்ணுனே?”

“நீங்க அனுப்புனதுல்லா,” என்றாள். “எல்லாத்தையும் போட்டேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவரும் ஒரு கொத்துக் கீரையை எடுத்துக்கொண்டார். அவருக்கு ஆயத் தெரியாது. காம்போடு சேர்த்துப் போட்டார். ஜெசிந்தா அந்தக் காம்புகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள்.

*

மறுநாள் காலை ரஹ்மத் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கும்போதே இரண்டு கால்கள் தெரிந்தன. முழுக்கத் தூக்கினார். சகாயராஜ் மூச்சு வாங்க நின்றிருந்தார். நடந்து வந்தவருக்கு அப்படி மூச்சு வாங்காது. ஓடி வந்திருக்க வேண்டும்.

“டீச்சர், அந்த நைஜீரியாக்காரன் ஜெனரேட்டர் வாங்குனான்ல. அவன் அதை ஒரு தடவைகூட ஓட விடலை. கடைசி வரைக்கும் ஓட விடலை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அந்தக் குதிரை இருக்கே, அது அக்காவைப் பாக்கலை, தங்கச்சியைத்தான் பாக்குது. போட்டிருக்கு டீச்சர். தெளிவாப் போட்டிருக்கு. ராத்திரி பூரா உட்கார்ந்து பார்த்தேன்.”

ரஹ்மத் மெஷினின் மேலிருந்த துணியை எடுத்து மடித்தார்.

“வீட்டுல என்ன கேள்வி கேட்டாங்க?”

சகாயராஜ் நூலகத்து வாசல் பக்கம் திரும்பினார்.

“அது எங்க ரெண்டு பேருக்குள்ள, டீச்சர்.”

ரஹ்மத் தலையசைத்தார். பிறகு அவருடைய வெறுங்கையைப் பார்த்தார்.

“புத்தகம் எங்கே? திருப்பிக் குடுத்துட்டீங்களா?”

“எங்க குடுக்க? அவகிட்ட மாட்டிக்கிச்சு. விடிஞ்சதுலேருந்து அடுப்பைக்கூடப் பத்த வைக்கலை. காப்பி இருக்கான்னு கேட்டேன். நிமிர்ந்துகூடப் பாக்கலை.”

“என்ன சொன்னாங்க?”

“‘பேசாதீங்க. இப்பதான் ஒருத்தன் கதவைத் திறக்கான்’ங்கா.”