வெண்திடலில் வெட்டிய பள்ளம்

மருங்கை, கடம்பை, புன்னை என்ற மூன்று நாடுகளுக்கும் நடுவே வெண்திடல் என்றொரு மணல்வெளி இருந்தது. அங்கே மரம் கிடையாது. ஒரே ஒரு கிணறு. கிணற்றை ஒட்டி ஒரு மடம். மடத்தில் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் மற்ற ஆறு பேருக்கும் குரு உமையாள் அம்மை.

சீடர்களில் வயதில் மூத்தவர் அதிமூலம். ஐம்பத்தெட்டு வயது. அம்மையைவிடப் பதினைந்து வயது பெரியவர். மருங்கை அரசவையில் இருபது வருடம் ஓலை எழுதியவர், அண்டை நாடுகளுக்குத் தூது போனவர். அரசவை அலுத்துப்போய் இங்கே வந்துவிட்டார் என்று மற்ற சீடர்கள் நினைத்தார்கள். அவர் அதை மறுக்கவில்லை. ஆனால் காரணம் அதுவல்ல.

முன்னொரு காலத்தில் வெண்திடலில் பிறந்த வெட்டுக்கிளிக் கூட்டம் மூன்று நாட்டு விளைச்சலையும் தின்று தீர்த்தது. அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு மூன்று அரசர்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். மழைக்காலத்தில் ஒவ்வொரு நாடும் நான்கு காவலர்களைத் திடலுக்கு அனுப்ப வேண்டும். மணலுக்குள் முட்டையைப் பார்த்தவர் மற்ற நாடுகளுக்கும் சொல்ல வேண்டும். எல்லோரும் வந்து கிளறி அழிக்க வேண்டும்.

முப்பது வருடம் அப்படியே நடந்தது. வெட்டுக்கிளி வரவே இல்லை. வராததால் மக்கள் அதை மறந்துபோனார்கள்.

பிறகு மருங்கைக்குப் புதிய அரசர் வந்தார். நம் ஆட்கள் அந்த வெயிலில் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மருங்கை உடன்படிக்கையிலிருந்து விலகியது. அடுத்த வருடம் புன்னையின் காவலர்கள் ஒற்றர்கள் என்று கடம்பை சொன்னது. புன்னை பதிலுக்குத் திடலின் கிழக்கு ஓரத்தில் படைமுகாம் போட்டது. அதற்கடுத்த வருடம் இரண்டு நாடுகளுக்கும் போர் மூண்டது.

மருங்கை விலகிய ஓலையை எழுதியவர் அதிமூலம். அம்மைக்கு அது தெரியும். அவராகச் சொல்லட்டும் என்று அம்மை கேட்கவில்லை.

அந்த வருடம் மழை இரண்டு மடங்கு பெய்தது. மழை ஓய்ந்த பத்தாம் நாள் காலையில் நடக்கப் போன அம்மை திரும்பி வந்து அதிமூலத்தைக் கூப்பிட்டார். கிணற்றிலிருந்து கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போய், குனிந்து விரலால் மணலைக் கிளறினார். விரல் ஆழத்தில் நெல்மணி போன்ற முட்டைகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. நாலடி தள்ளிக் கிளறினார். அங்கேயும் இருந்தன.

"இது எதுவரை இருக்கிறது, அம்மா?"

"தெரியவில்லை. கால் வலித்தது, திரும்பிவிட்டேன்."

மூன்று அரசர்களுக்கும் ஓலை எழுதச் சொன்னார் அம்மை. அதிமூலம் தயங்கினார்.

"மூன்று அரசவைக்கும் என் கையெழுத்து தெரியும், அம்மா. பார்த்தவுடனே தூக்கி எறிவார்கள்."

"அப்படியானால் அதையே முதலில் எழுதுங்கள்."

அவர் மதியம்வரை ஓலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதினார். உடன்படிக்கையை முதலில் முறித்த ஓலை என் கையால் எழுதப்பட்டது. அது தவறு. இப்போது திடலில் முட்டை இருக்கிறது. ஆட்களை அனுப்புங்கள்.

மருங்கையிலிருந்து பதில் வரவில்லை. எங்கள் மக்களைத் திடலுக்கு வரவழைத்துக் கொல்லப் புன்னை செய்யும் சூழ்ச்சி இது என்று கடம்பை எழுதியது. இது கடம்பையின் சூழ்ச்சி என்று புன்னை எழுதியது. இரண்டு ஓலையும் ஏறக்குறைய ஒரே வாசகம்.

அதற்குள் முட்டைகள் பொரிந்துவிட்டன. கறுப்பு எறும்புகளைப் போல லட்சக்கணக்கான குஞ்சுகள் மணலைவிட்டு வெளியே வந்தன. இறகு முளைக்க இன்னும் முப்பத்தைந்து நாள் ஆகும். அதுவரை தத்தித் தத்தித்தான் போகும். எதிரே ஆழமான பள்ளம் இருந்தால் விழும், விழுந்ததை மூடிவிடலாம். இறகு முளைத்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

அம்மை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வெட்ட ஆரம்பித்தார். சீடர்களும் போனார்கள். உச்சிவெயில் வந்தபோது பத்து முழம் முடிந்திருந்தது. அதிமூலம் நிமிர்ந்து நின்றார்.

"எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும், அம்மா?"

"அரைக் காதமாவது வேண்டும்."

"ஏழு பேரால் முடியுமா?"

"முடியாது."

"பிறகு எதற்காக வெட்டுகிறீர்கள்?"

"நீங்கள் இன்னும் கிளம்பவில்லையே, அதனால்தான்."

 அதிமூலம் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு சுரைக்குடுக்கையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஆள் தேடித் தெற்கே நடந்தார்.

மறுநாள் காலை கடம்பையின் எல்லையில் நெடுங்குளம் என்ற ஊரை அடைந்தார். அந்த ஊர்த் தலைவியின் பெயர் பூவாத்தாள். அவளுடைய அண்ணன் புன்னைப் போரில் செத்திருந்தான். ஊர் கூடிவிட்டது. மருங்கைக்காரனைக் கட்டித் தலைநகருக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள் சிலர். அதிமூலம் மருங்கை விலகிய ஓலையைப் பற்றியும் தான் வந்த காரியத்தையும் சொன்னார். பூவாத்தாள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ஓலையை எழுதினது நீங்கதானா, பெரியவரே?"

"நான்தான்."

"அரசர் சொல்லி எழுதினீங்க."

"அரசர் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு முழுப் பகல் இருந்தது. சொல்லவில்லை."

 பஞ்சம் வந்தபோது பூவாத்தாளுக்குப் பத்து வயது. கிணற்றில் நீர் இறைக்கும் தோல்பையை நறுக்கி வேகவைத்து அவள் அம்மா கொடுத்திருக்கிறாள். அவள் அதைத் தின்று பிழைத்தாள். தங்கையால் அதை விழுங்க முடியவில்லை. இதை ஊராரிடம் அவள் இதுவரை சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள்.

"மண்வெட்டி இருக்கிறவங்க என்னோட வாங்க. அரசருக்குத் தெரியும்போது தெரியட்டும்."

அறுபது பேர் கிளம்பினார்கள். அதிமூலத்துக்கு ஒருவர் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். அவரால் உடனே குடிக்க முடியவில்லை. முதல் நாளிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனாலும் கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதையே பார்த்தபடி நின்றார். கண் நிறைந்துவிட்டது.

அவர்கள் வெட்ட ஆரம்பித்த மூன்றாம் நாள் கிழக்கேயிருந்து புன்னைப் படைவீரர்கள் முப்பது பேர் வந்தார்கள். எதிரி நாட்டுக்காரர்கள் எல்லையில் பள்ளம் வெட்டினால் படைவீரனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். வாளை உருவிக்கொண்டே வந்தார்கள். அவர்களுடைய தலைவன் செங்கோடன். நெடுங்குளத்து ஆட்கள் மண்வெட்டிகளை ஓங்கியபடி ஒன்றாகச் சேர்ந்து நின்றார்கள். ஒருவர் கை அசைந்திருந்தால் போதும், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

அதிமூலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மை அவரைத் தடுத்துவிட்டு, செங்கோடனைப் பள்ளத்தின் ஓரத்துக்கு வந்து பார்க்கச் சொன்னார். அவன் வந்து எட்டிப் பார்த்தான். உள்ளே முழங்கால் ஆழத்துக்குக் குஞ்சுகள் கொதிப்பதுபோல அசைந்துகொண்டிருந்தன. அவன் அரசரிடமிருந்து வந்த ஓலையைப் படித்திருந்தான், கடம்பையின் சூழ்ச்சி என்று. முகாமில் எல்லோருக்கும் அதைப் படித்துக் காட்டியவனும் அவன்தான். குனிந்து ஒரு குஞ்சைக் கையில் எடுத்தான்.

"இது எந்தப் பக்கம் போகும்?"

"இப்போது தெற்கே போகிறது. காற்று மாறினால் கிழக்கே," என்றார் அம்மை.

செங்கோடன் கிழக்கே திரும்பிப் பார்த்தான். அவன் பார்த்த திசையில் அவன் ஊர் இருந்தது. வாளை உறையில் போட்டான். பிறகு பூவாத்தாளைப் பார்த்துச் சொன்னான்.

"சுவரைச் சரிவாக வெட்டியிருக்கிறீர்கள். ஏறி வந்துவிடும். நேராக வெட்ட வேண்டும்."

"தெரிஞ்சவங்க இறங்கிக் காட்டினா நல்லாயிருக்கும்," என்றாள் அவள்.

அவன் இறங்கினான்.

பள்ளம் வெட்டுவதில் படைவீரர்களுக்கு இருந்த பழக்கம் வேறு யாருக்கும் இல்லை. முகாமிலிருந்து மீதிப்பேரும் வந்தார்கள். கடம்பையின் மற்ற ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பதினைந்தாம் நாள் நானூறு பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாட்டாரும் ஒருவரோடொருவர் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. செத்தவர்களை அவ்வளவு சீக்கிரம் மறக்க முடியுமா. ஆனால் கிணறு ஒன்றுதான் இருந்தது. இறைக்கிறவர் குடத்தை அடுத்து நிற்கிறவரிடம் கொடுத்தாக வேண்டும். கொடுத்தார்கள்.

தெற்கையும் கிழக்கையும் அடைக்கவே அந்த ஆட்கள் சரியாக இருந்தார்கள். வடக்குப் பக்கம் வெட்ட ஆள் இல்லை. அது மருங்கையின் பக்கம். அதிமூலம் இரண்டு தடவை தன் நாட்டுக்குப் போனார். முதல் தடவை கோட்டை வாசலில் தடுத்துவிட்டார்கள். இரண்டாம் தடவை அவரோடு வேலை பார்த்த ஒருவர் வாசலுக்கு வந்து, தண்ணீர் கொடுத்து, இனி வராதீர்கள் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

முப்பத்தாறாம் நாள் வடக்குப் பக்கத்தில் மிஞ்சியவை இறகு விரித்து எழுந்தன. வெயில் மங்கியது. எல்லோரும் மண்வெட்டியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார்கள். கூட்டம் வடக்கே போனது. அதிமூலம் மணலில் உட்கார்ந்துவிட்டார். பூவாத்தாள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

கடம்பையிலும் புன்னையிலும் அறுவடை நடந்தது. மருங்கையில் பாதி நாட்டுப் பயிர் இலையில்லாத வெறும் தட்டையாக நின்றது.

அறுவடை முடிந்த பத்தாம் நாள் நெடுங்குளத்திலிருந்து பன்னிரண்டு வண்டி கம்பு வெண்திடலைக் கடந்து வடக்கே போனது. அதற்குப் பின்னால் புன்னையிலிருந்து வண்டிகள் போயின. அவற்றுக்குக் காவலாகச் செங்கோடனின் ஆட்கள் போனார்கள். இரண்டு அரசர்களும் இதைச் செய்யச் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை. வண்டிகளோடு அதிமூலமும் போனார். இந்தத் தடவை மருங்கையின் வாசலில் யாரும் தடுக்கவில்லை. அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிய அதே மனிதர் முதல் மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டார்.

போர் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. முகாம் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த வருடம் திடலில் யாரும் யாரையும் கொல்லவில்லை.

மடத்துக்குத் திரும்பியதும் அதிமூலம் எழுத்தாணியை எடுத்தார். கடம்பைக்கு ஒன்று, புன்னைக்கு ஒன்று என்று இரண்டு நன்றி ஓலைகள் எழுதினார். வெட்ட வந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக விசாரித்து எழுதியதில் ஒன்பது நாள் ஆனது. இருபது வருடத்தில் எத்தனையோ ஓலை எழுதியிருக்கிறேன், இதுபோல மனம் குளிர்ந்து எழுதியது இல்லை என்று மற்ற சீடர்களிடம் சொன்னார்.

பத்தாம் நாள் காலையில் அம்மையிடம் இரண்டையும் படித்துக் காட்டினார். அம்மை கடைசிப் பெயர்வரை கேட்டார்.

"மருங்கைக்கு எழுதவில்லையா?"

"மருங்கையிலிருந்து யாருமே வரவில்லையே, அம்மா."

"முப்பது வருடம் வந்தார்கள். வருடத்துக்கு நான்கு பேர்."

 அந்தக் காவலர்களைத் திரும்ப வரச் சொன்ன ஓலை அதிமூலம் எழுதியது. அவர்களின் பெயரை அவர் அப்போது கேட்டுக்கூட வைத்துக்கொள்ளவில்லை. புது ஓலை ஒன்றை எடுத்து மடியில் வைத்தார். 

"எதற்காக நன்றி என்று எழுதட்டும், அம்மா? அவர்கள் காத்த காலத்தில் ஒன்றுமே நடக்கவில்லையே."

"அதற்குத்தான்," என்றார் அம்மை.