விழுகிற இடம்

“மூணு சாமான் மாத்திட்டேன். வண்டி இன்னும் ஒழுகுதும்மா,” என்றார் வாணன்.

தவமணி அம்மா முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எங்க ஒழுகுது?”

“டேங்குக்குப் பின்மூலையில. கீழே தேங்கியே கிடக்கு.”

“அது விழுற இடம். ஒழுகுற இடம் எது?”



பூதிமலை உச்சியில் இருந்த தவமணி அம்மாவின் சின்ன ஆசிரமத்துக்கு ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டி உண்டு. மலைமேல் இருந்த ஊருக்கும் அதுதான் வண்டி. ஓட்டுவது வாணன். தருமபுரிப் பக்கம் ஒரு பஸ் கம்பெனியில் டைம்கீப்பராக விசில் ஊதியே ஐம்பதைத் தாண்டியவர். மனசு கொஞ்சம் அடங்கட்டும் என்று மலையேறி வந்தார். அம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். வாணன் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

போன வாரம் பால்காரர் சீராளன் கொண்டை ஊசி வளைவில் பைக்கோடு சறுக்கி விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது. ரோட்டில் டீசல் கோடு கிடந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்து வந்தவர்கள் ஆசிரமத்துக் கொட்டகையில் வந்து நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அன்றைக்கே அம்மா சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். ஒழுகல் நிற்காமல் வண்டி கேட்டைத் தாண்டாது என்றார்.

கீழே இருந்த மெக்கானிக், வண்டியைக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். கொண்டுபோகத்தான் வழியில்லையே. வாணனே ஸ்பேனரை எடுத்தார். டேங்கின் அடிப்போல்ட்டுக்கு வாஷர் மாற்றினார். ஃபில்டரை மாற்றினார். எஞ்சினுக்குப் போகிற ரப்பர் ட்யூபை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் இதுதான் என்று அடித்துச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் சாவி வாங்கி எஞ்சினை ஓட்டி நிறுத்திவிட்டுக் குனிந்தால், தரையில் ஈரம் பளபளத்தது.

நடுவில் சமையல்கார மலையப்பனைத் திட்டினார், டீசல் ஊற்றும்போது கொட்டிவிட்டான் என்று. ரோடு போட்டவர்களையும் திட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊர்க்காரர் மாசிலாமணியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். சிறுநீரகம் கெட்டுப்போனவர். கீழே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளாவிட்டால் உயிர் தங்காது. மழையில் பாதை வழுக்கியது. தூக்கியவர்களில் அவர் மனைவியும் ஒருத்தி.

அதைப் பார்த்துவிட்டுத்தான் வாணன் அம்மாவிடம் வந்திருந்தார்.

“பேசாம டேங்கையே மாத்திடலாமா?”

அம்மா முறத்தை ஒதுக்கிவிட்டு எழுந்தார். ஒரு வாளியையும் பிரஷையும் எடுத்து வாணன் கையில் கொடுத்தார்.

“கழுவுங்க.”

“ஒழுகுற வண்டியைக் கழுவி என்னம்மா ஆகப்போகுது?”

அம்மா அதற்குள் கொட்டகைப் பக்கம் நடந்துவிட்டார்.

வருஷக்கணக்கான சேறு. எண்ணெய்ப் பிசுக்கு. வாணன் முனகிக்கொண்டே தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க முனகல் குறைந்தது. பழந்துணியால் துடைத்து முடித்தபோது, வண்டியின் அடிப்பாகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு முதல்முறையாகத் தெரிந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். வாணனும் உட்கார்ந்தார்.

ஒன்றும் விழவில்லை.

வாணன் எழப்போனார். அம்மா கையமர்த்தினார்.

“எப்ப ஒழுகும்?”

“எப்பவும்தான்.”

“இப்ப ஒழுகலையே.”

இத்தனை நாளும் வாணன் பார்த்தது தேங்கிக் கிடந்ததை. சொட்டு விழுவதை ஒருதரம்கூடப் பார்த்ததில்லை.

சாவியைக் கேட்டு வாங்கினார். சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிட்டார். டார்ச்சோடு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தார்.

அம்மா கோலமாவு டப்பாவோடு வந்தார். வண்டிக்குப் பூஜை போடப்போகிறார் போலிருக்கிறது என்று வாணன் நினைத்துக்கொண்டார். அம்மா குனிந்து, மாவை உள்ளங்கையில் வைத்து, கழுவிய இரும்பின்மேல் ஊதினார். இரும்பு வெள்ளையானது. வாணன் முகமும் வெள்ளையானது.

“அம்மா, கண்ணுல விழுது.”

“தொடைச்சிட்டுப் பாருங்க.”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு ஊர்ந்தது.

பின்மூலையில் இல்லை. அவர் மாற்றிய எதன் பக்கத்திலும் இல்லை. டேங்கின் முன்பக்கத் தலையில் புறப்பட்டு, வண்டியின் இரும்புச் சட்டத்தின் ஓரமாகவே பின்னால் நகர்ந்து, மூலையில் முட்டி நின்றது. அங்கே தொங்கியது. பருத்தது. விழுந்தது.

வாணன் அந்தக் கோட்டைக் கண்ணாலேயே திரும்பப் பிடித்துக்கொண்டு போனார். மூலையிலிருந்து சட்டம். சட்டத்திலிருந்து டேங்கின் தலை. அங்கே சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு ட்யூப். எஞ்சின் எரித்தது போக மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பிக் கொண்டுவருவது. ஒரு இரும்பு விளிம்பில் உரசி உரசி மயிரிழையாகக் கீறியிருந்தது. எஞ்சின் ஓடினால் கசியும். நின்றால் நின்றுவிடும்.

வாணன் அடியில் கிடந்தபடியே சிரித்தார். வெகுநேரம் சிரித்தார்.

எஞ்சினை நிறுத்திவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய், உன்னைத் திட்டியது தப்பு என்று மலையப்பனிடம் சொன்னார். மலையப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு மலையிறங்கி, புது ட்யூபும் கிளிப்பும் வாங்கி வந்தார். இருவருமாகச் சேர்ந்து மாட்டினார்கள். விளிம்பில் உரசாதபடி தள்ளிக் கட்டினார்கள். துடைத்து மறுபடி மாவு ஊதினார்கள்.

ஒரு உலை கொதிக்கும் அளவு நேரம் எஞ்சின் ஓடியது. மாவு மாவாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை வண்டி கேட்டைத் தாண்டியது. முன்சீட்டில் மாசிலாமணியும் அவர் மனைவியும். டோலி தூக்கியவர்கள் பின்னால் ராஜா மாதிரி நின்றுகொண்டு வந்தார்கள். சீராளன் விழுந்த வளைவில் வாணன் வண்டியை நிறுத்தி இறங்கி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். ரோடு காய்ந்து கிடந்தது.

அடிவாரத்து டீக்கடையில் சீராளன் இருந்தார், கைக்குத் துணித்தொட்டில் கட்டிக்கொண்டு. வண்டியைக் கண்டதும் எழுந்து வந்தார். அவர் யாரையும் கேட்கவில்லை. குனிந்து, நல்ல கையை அடியில் விட்டு, சட்டம் முழுக்கத் தடவினார். நிமிர்ந்து, உள்ளங்கையை எல்லோருக்கும் விரித்துக் காட்டினார்.

காய்ந்த கை.

யாரோ விசில் அடித்தார்கள். டைம்கீப்பர் விசில் மாதிரியே இருந்தது என்று வாணன் பிற்பாடு சொல்வார். மாசிலாமணியின் மனைவி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது சீராளனும் பால்கேன்களோடு ஏறிக்கொண்டார். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே வண்டி மலையேறியது. ஊரே வாசலுக்கு வந்தது.

அம்மா கேட்டருகே நின்றிருந்தார். வாணன் இறங்கி ஓடிவந்தார்.

“ஒரு சொட்டு இல்லம்மா.”

அம்மா சிரித்தார்.

“ஒண்ணு கேக்கணும். அந்த ட்யூப்தான்னு உங்களுக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கும். சொல்லியிருக்கலாமே?”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் அம்மா. “உங்க பக்கத்துல உக்காந்து நானும்தானே பாத்துக்கிட்டிருந்தேன்.”