கடற்புல் கசந்த கதை

அந்தக் காலத்தில், கடலுக்கடியில் எல்லோரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நாளில், தொண்டிக் கரையோரத்துக் கடற்புல்லுக்குத் தித்திக்கிற உடம்பு. அதுதான் வினை. போதாததற்கு, யார் வந்தாலும் "வாங்க, இருங்க" என்று சொல்லிப் பழகிவிட்டது. வந்தவர்களும் இருந்துவிட்டார்கள்!

பாசி வந்து ஆறு மாதம் ஆகிறது. இலைக்கு இலை பாய் விரித்துப் படுத்துவிட்டது. பொட்டு வெயில் இறங்கவில்லை. வெயில் இல்லாமல் புல் எப்படிப் பிழைக்கும்? நுனி கருகி, வேர் தளர ஆரம்பித்தது.

"கொஞ்சம் நகருங்களேன், மூச்சு முட்டுது" என்றது புல்.

"அமாவாசை கழியட்டும்க்கா, கெளம்பிருவோம்" என்றது பாசி. எந்த அமாவாசை என்று சொல்லவில்லை. மறுவாரம் மச்சினன் குடும்பத்தையும் கூட்டி வந்தது.

புல்லுக்குத் தலை வெடித்தது. பக்கத்துப் பாறை இடுக்கில் ஒரு கசப்பு ஊற்று இருந்தது. அந்தப் பக்கம் பாசி எட்டிக்கூடப் பார்க்காது. அதைக் குடித்தால் தொல்லை ஒழியும். ஆனால் ஆவுளியா என்ன செய்வாள்? கடல்பசு என்பார்களே, அவள்தான். புல்லைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். கன்று ஈன்று பத்து நாள்கூட ஆகவில்லை. தின்றதும் கிளம்பிவிடுகிற ஒரே விருந்தாளியும் அவள்தான்.

"நான் கசந்துட்டா நீயும் பிள்ளையும் என்னக்கா பண்ணுவீக?"

"நீ செத்துட்டா மட்டும் என்னத்தடி திங்கிறது? குடிச்சுத் தொலை!" என்று எரிந்து விழுந்தாள் ஆவுளியா.

புல் வேரை ஊற்றுக்குள் நீட்டி ஒரே மூச்சில் உறிஞ்சியது.

"சீ, த்தூ! வீட்டுக்கு வந்தவகளுக்கு இதுதான் மரியாதையா?" என்று முனகிக்கொண்டே பாசி வழுக்கி விழுந்தது. மச்சினன் குடும்பமும் பின்னாலேயே போனது.

ஆவுளியா ஒரு வாய் கடித்தாள். கண்ணில் நீர் கொட்டியது. உதட்டில் திருக்கை மீன் முள் குத்திய புண் வேறு தீயாய் எரிந்தது. "கருமம், கருமம்!" என்று திட்டியபடி மென்று விழுங்கினாள். கன்று பசியோடு மடியை முட்டிக்கொண்டிருந்தது, வேறென்ன செய்வாள்? மூன்றாம் நாள் பார்த்தால் புண் ஆறியிருந்தது. அப்போதும் அவள் நல்ல வார்த்தை ஒன்று சொல்லவில்லை.

அன்று முதல்தான் கடற்புல்லின் சாற்றில் பாசியையும் கிருமியையும் விரட்டுகிற கசப்பும் புண்ணை ஆற்றுகிற மருந்தும் ஒன்றாய்க் கலந்திருக்கின்றன. அது எதற்கெல்லாம் உதவும் என்று மனிதர்கள் இப்போதுதான் கண்ணாடிக் குப்பியில் போட்டு ஆராய்கிறார்கள், ஆவுளியாவோ கண்ணீர் வடிய வடிய அந்தக் கசப்பைத் தின்று கன்றுக்குப் பாலாக்கிக்கொண்டிருக்கிறாள்.